பழைய அலமாரிக்குப் புது மேல்பலகை: பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள்

எங்கள் வீட்டில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழைய அலமாரி இருக்கிறது. தேக்குச் சட்டம், இரண்டு கதவு, மேலே ஒரு இழுப்பறை. உடம்பெல்லாம் இன்னும் கல்லு மாதிரி நிற்கிறது, மேல்பலகை மட்டும் விளக்கெண்ணெயும் பூந்தொட்டித் தண்ணீரும் குடித்துக் குடித்து உளுத்துப்போய்விட்டது. அதைக் கழற்றிப் புதுப் பலகை போட்டேன், அதுவும் இரண்டு தடவை. முதல் தடவை கார்த்திகை மழையில் சுற்றிலும் மரப்பசை தடவி, மேலிருந்து ஆணியும் அடித்து, நாமே செய்துவிட்டோம் பார் என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். கத்திரி வெயிலில் ஒரு நாள் ராத்திரி 'டப்'பென்று சத்தம். காலையில் பார்த்தால் பலகையின் ஒரு முனையிலிருந்து முக்கால் அடிக்கு விரிசல், பஸ் டிக்கெட் உள்ளே போகிற அகலம்.

மரம் அறுத்து எத்தனை வருஷம் ஆனாலும் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும், அப்புறம் விடும். ஐப்பசி மழையில் பூஜை அறைக் கதவு நிலையில் பிடித்துக்கொண்டு மூடாமல் அடம் பிடிக்கிறதே, அதே சங்கதிதான். மரத்தில் கோடு கோடாகத் தெரியும் ரேகை ஓடும் திசையில் இந்த அசைவு கிட்டத்தட்ட இல்லை, குறுக்கேதான் எல்லாம். ஒன்றரை அடி அகலத் தேக்குப் பலகை மழைக்கும் வெயிலுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் போலக் கூடிக் குறையலாம். மேல்பலகையில் ரேகை இடவலமாக ஓடுவதால் இந்த அசைவு முன்பின்னாக இருக்கும். ஆனால் அதற்குக் கீழே இருக்கும் பக்கச் சட்டத்தில் ரேகை முன்னும் பின்னுமாக ஓடுவதால் அது அசையாது. இரண்டையும் பசை போட்டுப் பூட்டினால் பலகை சுருங்க இடமில்லாமல் பிளக்கிறது. (பிளைவுட் என்றால் இந்தத் தலைவலி இல்லை, தாராளமாக ஒட்டலாம்.)

முதலில் பழையதை எடுக்க வேண்டும். இழுப்பறையை உருவிவிட்டு, உள்ளிருந்து ஒரு கட்டையை வைத்துச் சுத்தியலால் மெதுவாக மேலே தட்டுங்கள், கொஞ்சம் தூக்கியதும் ஆணித்தலை தெரியும், கொறடால் பிடுங்கலாம். சட்டத்தில் குண்டூசித் துளைகளும் மாவு மாதிரி தூளும் இருந்தால் வண்டு இருக்கிறது, அதற்கு மருந்து அடிக்காமல் புதுப் பலகையை மேலே வைக்காதீர்கள்.

ஒன்றரை அடி அகலத்தில் ஒற்றைப் பலகை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை கேட்டுத் திரும்பி வந்துவிடுவோம். ஆறு இஞ்ச் பலகை மூன்றைப் பக்கத்தோடு பக்கம் சேர்த்து ஒட்டச் சொல்லுங்கள். இங்கே பசை போடலாம், மூன்றின் ரேகையும் ஒரே திசையில் ஓடுவதால் சேர்ந்தே விரியும், சேர்ந்தே சுருங்கும். கனம் ஒரு இஞ்ச் போதும். முன்னாலும் பக்கங்களிலும் முக்கால் இஞ்ச் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி அளவு கொடுங்கள். ஒட்டும் முன் பலகைகளை வீட்டிலேயே, அடியில் ரீப்பர் (ஒல்லியான மரக்கட்டை) கொடுத்துக் காற்றோட்டமாக அடுக்கி, நாலு நாளைக்கு ஒரு தடவை எடை போட்டுப் பாருங்கள். எடை குறைவது நின்றால்தான் மரம் உங்கள் வீட்டுக்குப் பழகியிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது மாட்டுவது. மேல்சட்டத்தின் உட்புறம் நான்கு பக்கமும், மேல்விளிம்போடு சமமாக, முக்கால் இஞ்ச் கனமுள்ள ரீப்பர் வைத்துச் சட்டத்தோடு பசையும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்குங்கள். மேல்பலகையை இந்த ரீப்பர் வழியாகக் கீழிருந்துதான் பிடிக்கப் போகிறோம். முன் ரீப்பரில் மூன்று சாதாரண வட்டத் துளை. பின் ரீப்பரில் மூன்று, பக்கங்களில் நடுவே ஒவ்வொன்று, இவை ஐந்தும் நீள்துளை. 5 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் முன்பின்னாக ஒரே கோட்டில் இரண்டு மூன்று துளை ஒட்டினாற்போலப் போட்டு, இடையில் நிற்கும் மரத்தைச் சின்ன உளியாலோ வட்ட அரத்தாலோ எடுத்தால் 10 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு சந்து கிடைக்கும், ஸ்க்ரூ அதில் முன்னும் பின்னும் போகும். ரீப்பரைப் பொருத்தும் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள், நான் பொருத்திய பிறகு செய்து, அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க அரம் தேய்த்தேன்.

ஹார்டுவேர் கடையில் 8 நம்பர், ஒன்றரை இஞ்ச் ஸ்க்ரூ கேளுங்கள். சி.எஸ்.கே தலை (மரத்துக்குள் சமமாக இறங்குகிற, அடி கூம்பான தலை) வேண்டாம், அதன் கூம்பு சந்தில் போய் ஆப்பு மாதிரி உட்கார்ந்துவிடும். அடிப்பக்கம் தட்டையான பான் ஹெட்டும், கூடவே வாசரும் வாங்குங்கள். ரீப்பரும் வாசரும் சேர்த்து 20 மில்லிமீட்டர் போக 18 மில்லிமீட்டர் பலகைக்குள் இறங்கும், மேலே துளைத்துக்கொண்டு வராது.

பழைய சாக்கை விரித்துப் பலகையைக் குப்புறப் போட்டு, அதன் மேல் அலமாரியைத் தலைகீழாக வையுங்கள், இதற்கு இன்னொரு ஆள் வேண்டும். நீட்டல் இரண்டு பக்கமும் சரியா என்று ஸ்கேலால் பார்த்துவிட்டு, ஒவ்வொரு துளையின் நடுவிலும் 3 மில்லிமீட்டர் பிட்டால் வழி போடுங்கள். 35 மில்லிமீட்டரில் பிட்டின் மேல் டேப் சுற்றிக்கொண்டால் ஆழம் தவறாது. ஸ்க்ரூ மரையில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் தேக்கில் வழுக்கிக்கொண்டு போகும். முன்னால் உள்ள மூன்றையும் நன்றாக இறுக்கலாம். நீள்துளையில் இருப்பவற்றை இறுக்கி, கால் சுற்று திரும்ப விடுங்கள். முன்பக்கம் அப்படியே நிற்கும், அசைவெல்லாம் சுவர்ப்பக்கம் போய்விடும். அதனால் சுவரை ஒட்டித் தள்ளாமல் ஒரு விரல் இடம் விடுங்கள்.

இரும்பு அலமாரி என்றால் தகட்டிலேயே இப்படி நீள்துளை போட்டு, அகல வாசரோடு அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் ஸ்க்ரூ போதும்.

பாலிஷ் எதுவானாலும், மாட்டும் முன்பே மேலும் கீழும் ஒரே மாதிரி இரண்டு கை அடித்துவிடுங்கள். கீழ்ப்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டால் அந்தப் பக்கம் மட்டும் வேகமாக ஈரம் குடித்துப் பலகை வளையும். லின்சீட் ஆயில் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது, விரித்துக் காயப்போடுங்கள்.

இரண்டாவது தடவை மாட்டியதும், பின்பக்கம் பலகை விளிம்பு சட்டத்தில் எங்கே நிற்கிறது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தேன். மாட்டியது ஐப்பசியில். சித்திரையில் எட்டிப் பார்த்தால் விளிம்பு கோட்டைவிட்டு 2 மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தது, விரிசல் எதுவும் இல்லை.