பள்ளி மானிய பட்ஜெட் படிவம்: தொகையைக் கடைசியில் எழுதுங்கள்

படிவம் கைக்கு வந்ததும் தொகைக் கட்டத்தை நிரப்ப உட்கார்ந்துவிடாதீர்கள், கடைசியாக நிரப்ப வேண்டியது அதுதான். முதலில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு, முடிந்தால் எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) தலைவரையும் கூட்டிக்கொண்டு பள்ளியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எது உடைந்திருக்கிறது, எது இல்லவே இல்லை, அதனால் எந்த வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிரமம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இது யார் தரும் பணம் என்று பாருங்கள். சமக்ர சிக்‌ஷா (மத்திய, மாநில அரசுகளின் பள்ளிக் கல்வித் திட்டம்) பள்ளி மானியம் என்றால் மாணவர் எண்ணிக்கைதான் உச்சவரம்பு: 31 முதல் 100 பேர் வரை 25,000 ரூபாய், 101 முதல் 250 வரை 50,000, 251 முதல் 1,000 வரை 75,000. அதில் 10 சதவீதமாவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும், பட்ஜெட்டில் அதைத் தனி வரியாக எழுதிவிடுங்கள். எமிஸில் (மாநிலப் பள்ளித் தகவல் தளம்) ஒரு எண்ணிக்கை, யூடைஸில் (மத்திய அரசின் பள்ளித் தகவல் தளம்) வேறு எண்ணிக்கை என்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஓசூர்ப் பக்கக் கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு நிதி) பணம் என்றால், அவர்கள் விதிமுறையில் எதற்குத் தரமாட்டார்கள் என்ற பகுதியை முதலில் படிப்பது நல்லது, பாதி வேலை அங்கேயே மிச்சமாகும்.

இனி முக்கியமான இடம், செலவு விவரம். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். போர் தண்ணீரை நம்பியிருக்கும் பள்ளி ‘வாட்டர் ஃபில்டர் – 1’ என்று மொட்டையாக எழுதினால் கடைக்காரர் விலை குறைவு என்று யூ.வி. (புற ஊதா ஒளி) மெஷின் ஒன்றை மாட்டிவிட்டுப் போய்விடக்கூடும். அது கிருமியைக் கொல்லும், ஃபுளோரைடை ஒன்றும் செய்யாது, கொதிக்கவைத்தாலும் போகாது. ஆர்.ஓ. (சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி வடிகட்டும் மெஷின்) என்றே எழுதுங்கள், மணிக்கு எத்தனை லிட்டர், எத்தனை பிள்ளைகளுக்கு, தொட்டி எவ்வளவு பெரியது என்பதையும் சேர்த்து. தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையை இணைத்துவிட்டால் ஏன் இந்த விலை என்று யாரும் கேட்கமாட்டார்கள். மெம்பரேன் (அந்தச் சவ்வு) மாற்றும் செலவைத் தனி வரியாக எழுதுங்கள். மானியத்தில் அதற்கு இடமில்லை என்றால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று எஸ்.எம்.சி. தீர்மானத்திலாவது எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் மெஷின் கொஞ்ச நாளில் காட்சிப் பொருள்தான்.

எல்லாச் செலவு வரியையும் எண்ணிக்கை, ஒன்றின் விலை, மொத்தம் என்று பிரித்துக் காட்டுங்கள். உதாரணத்துக்கு, குழாய் 6, ஒன்று 350, மொத்தம் 2,100, பிளம்பர் கூலி தனி. ‘பராமரிப்பு 20,000’ என்று உருண்டையாக எழுதினால் கேள்வி வரும், ‘இதர செலவு’ பெரிதாக இருந்தால் நிச்சயம் வரும். விலையை மனக்கணக்கில் போடாமல் கொட்டேஷன் (கடைக்காரர் எழுதித் தரும் விலைப்புள்ளி) வாங்கி, ஜி.எஸ்.டி. சேர்ந்ததா சேராததா என்று பார்த்து எழுதுங்கள். (ஒரே கடைக்காரர் மூன்று லெட்டர்ஹெட்டில் எழுதித் தரும் கொட்டேஷன் பார்த்ததுமே தெரிந்துவிடும், வேண்டாம்.) அஞ்செட்டி, சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைப்பக்கப் பள்ளிகள் வண்டி வாடகையையும் ஏற்று இறக்குக் கூலியையும் மறக்கவே கூடாது, தருமபுரியில் கடை விலைக்குக் கிடைக்கும் சிமெண்ட் மேலே வந்து சேரும்போது அந்த விலையில் இருக்காது.

கூட்டுத்தொகை எண்ணிலும் எழுத்திலும் ஒன்றாக இருக்கட்டும். தீர்மானம், கொட்டேஷன், ஆர்டர், பில் எல்லாம் இதே வரிசையில் தேதி போக வேண்டும், பில் தேதிக்குப் பிறகு தீர்மானம் போட்டிருந்தால் தணிக்கையில் மாட்டும். மார்ச் 31-க்குள் முடிக்கக்கூடிய வேலையை மட்டும் இந்த ஆண்டில் காட்டுங்கள், மீதி அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கு.

கையெழுத்து, முத்திரை, 11 இலக்க யூடைஸ் எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் ஒரு தடவை சரிபார்த்து, வட்டார வள மையத்தில் கொடுக்கும் முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழுதான இடத்தை வேலை தொடங்கும் முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள், பயன்பாட்டுச் சான்று (பணத்தைச் சொன்னபடி செலவழித்தோம் என்ற சான்று) கொடுக்கும்போது தேடுவது அந்தப் போட்டோவைத்தான்.