சீன மாணவரை சிஇடி-4 ஆங்கிலத் தேர்வுக்குத் தயார் செய்வது எப்படி?

சீனாவில் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும், அங்கே வேலை பார்ப்பவர்களுக்கும், இணையம் வழியாகச் சீன மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருபவர்களுக்கும் இந்த வேண்டுகோள் எப்படியும் ஒருநாள் வந்து சேரும்: "ஸ்ஜிக்கு எனக்குக் கொஞ்சம் உதவி செய்வீர்களா?" கல்லூரி ஆங்கிலத் தேர்வின் நான்காம் நிலையைத்தான் அவர்கள் ஸ்ஜி என்கிறார்கள். ஆங்கிலத்தில் அதன் சுருக்கப் பெயர் சிஇடி-4. அடுத்தது ஆறாம் நிலை, சிஇடி-6. ஐந்தாம் நிலை கிடையாது.

நமக்கு ஆங்கிலம் பேச வரும் என்பதற்காக மட்டும் இதில் இறங்கிவிடக் கூடாது. இந்தத் தேர்வுக்கென்று ஒரு போக்கு இருக்கிறது. சீன மொழி பேசுபவர்கள் ஆங்கிலத்தில் தடுக்கி விழும் இடங்களும் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். இரண்டையும் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலான மாணவர்கள் சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதிலேயே காலத்தைத் தொலைக்கிறார்கள். மதிப்பெண்ணோ காதிலும் வாக்கிய அமைப்பிலும் இருக்கிறது.

படி 1: தேர்வின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

1987-ல் தொடங்கிய தேர்வு இது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும், பெரும்பாலும் ஒரு சனிக்கிழமை காலையில் நடக்கும். கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்கள் மட்டுமே எழுதலாம். பதிவும் கல்லூரி வழியாகத்தான்.

மொத்தம் 710 மதிப்பெண். 2005-ல் வந்த மாற்றத்துக்குப் பிறகு 'தேர்ச்சி' என்று சான்றிதழ் தருவதில்லை, மதிப்பெண் அறிக்கை மட்டும்தான். ஆனாலும் எல்லோர் வாயிலும் புழங்கும் எண் 425. அதை எட்டினால்தான் ஆறாம் நிலை எழுத முடியும். வேலைக்கு எடுப்பவர்களும் அதைத்தான் கேட்பார்கள்.

கட்டுரைக்கு 15 சதவீதம், கேட்டுப் புரிதலுக்கு 35, வாசிப்புக்கு 35, சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பதற்கு 15. இதை மதிப்பெண்ணாக மாற்றிப் பார்த்தால்தான் சுவாரஸ்யம். வாசிப்புப் பகுதியில் கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வி ஒன்றுக்கு 3.55 மதிப்பெண். அதே பகுதியில் பத்தியைப் படித்து விடையளிக்கும் கேள்வி ஒன்றுக்கு 14.2. நான்கு மடங்கு! கேட்டுப் புரிதலின் கடைசிப் பிரிவில் வரும் பத்துக் கேள்விகளுக்கும் தலா 14.2. (அறிக்கையில் வருவது மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு மாற்றிய மதிப்பெண் என்பதால் இதை அப்படியே கூட்டிப் பார்க்க முடியாது. எங்கே நேரத்தைச் செலவிடலாம் என்று முடிவு செய்ய இது போதும்.)

படி 2: முதலில் ஒரு பழைய வினாத்தாள்

பாடம் எதுவும் நடத்தாமல், ஒரு பழைய வினாத்தாளைக் கொடுத்து முழு நேரமும் உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள். சீன மாணவர்கள் இதை 'ஜென்தி' என்பார்கள், அதாவது உண்மையாகவே தேர்வில் வந்த வினாக்கள். ஒவ்வொரு முறையும் மூன்று வெவ்வேறு தாள்கள் கொடுக்கப்படுவதால் பயிற்சிக்குப் பஞ்சமே இல்லை. பதிப்பகங்கள் தாமாகத் தயாரித்த மாதிரித் தாள்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். பலவற்றில் கேள்வி தேவையில்லாமல் சுற்றி வளைக்கும், விடை சந்தேகத்துக்கு இடமானதாக இருக்கும்.

திருத்தும்போது மொத்தத்தைப் பார்க்காமல் எந்தப் பிரிவில் எவ்வளவு போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வாசிப்பு பரவாயில்லாமல் இருக்கும், கேட்டுப் புரிதல் தரைமட்டமாக இருக்கும்.

படி 3: சொற்கள்

கவோகாவ் எனும் கல்லூரி நுழைவுத் தேர்வுக்காகவே இவர்கள் சுமார் 3,500 ஆங்கிலச் சொற்களைப் படித்து முடித்தவர்கள். நான்காம் நிலைக்குச் சுமார் 4,500 வேண்டும். ஆக, இடைவெளி மலைபோல் ஒன்றும் இல்லை. பள்ளிப் படிப்பின் சூடு ஆறுவதற்குள், முதல் இரண்டு ஆண்டுகளிலேயே எழுதிவிடுவது நல்லது.

கடையில் விற்கும் சொற்பட்டியல் புத்தகத்தை அகர வரிசையில் படிக்க விடாதீர்கள். பல மாணவர்களின் புத்தகத்தில் முதல் எழுத்தின் பக்கங்கள் மட்டும் கசங்கியிருக்கும், மீதி அச்சகத்திலிருந்து வந்த மாதிரியே இருக்கும். பழைய வினாத்தாளில் தடுமாறிய சொற்களை ஒரு நோட்டில், அவை வந்த வாக்கியத்தோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள். செயலி பயன்படுத்துவதானால் ஒலியைக் கேட்டுப் பொருள் சொல்லும் பயிற்சி இருப்பதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்தைப் பார்த்தால் தெரிகிறது, காதில் விழுந்தால் தெரியவில்லை என்பதுதான் இவர்களுடைய பெரிய சிக்கல்.

படி 4: காதைத் திறப்பது

அதிக நாட்கள் ஒதுக்க வேண்டிய இடம் இது.

மொத்தம் 25 கேள்விகள்: மூன்று சிறு செய்திகள், இரண்டு நீண்ட உரையாடல்கள், மூன்று பத்திகள். செய்திப் பிரிவு 2016 ஜூனில் சேர்க்கப்பட்டது. எல்லாம் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். தாளில் நான்கு விடைகள் மட்டும் அச்சாகியிருக்கும். கேள்வி அச்சில் இருக்காது, அதையும் காதால்தான் பிடிக்க வேண்டும்.

ஏன் இவர்களுக்கு இவ்வளவு கஷ்டம்? மாண்டரின் சீனத்தில் ஒரு அசை உயிரொலியில் முடியும், இல்லாவிட்டால் 'ன்', 'ங்' போன்ற மூக்கொலியில் முடியும். பெய்ஜிங் பக்கம் 'ர்' சேரும், அவ்வளவுதான். 'ஆஸ்க்ட்', 'டெக்ஸ்ட்ஸ்' என்று மெய்யொலிகள் கூட்டமாக வந்து முடியும்போது கடைசி ஒலிகளை அவர்கள் காது விட்டுவிடுகிறது. இறந்த காலமும் பன்மையும் ஒளிந்திருப்பது அங்கேதான். 'பிக் இட் அப்' என்பது 'பிக்கிட்டப்' என்று ஓடும்போது மூன்று சொற்களும் கரைந்துவிடும். 'பஸ்ஸு', 'லைட்டு' என்று உகரம் சேர்த்தால்தான் நமக்கும் நாக்கு நிற்கிறது, எனவே இந்தச் சிரமம் நமக்கு அந்நியமில்லை.

பயிற்சி இப்படி: ஒரே ஒரு செய்தியை எடுங்கள். முதலில் தேர்வில் போலவே ஒரு முறை கேட்டு விடை குறிக்கட்டும். அப்புறம் ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, கேட்டதை எழுதட்டும். புரியாத இடத்தைக் காலியாக விடலாம், ஊகித்து நிரப்பக் கூடாது. மூன்று நான்கு முறை கேட்ட பிறகும் நிரம்பாத இடங்களைப் பதிவின் எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டுச் சிவப்பு மையில் எழுதட்டும். அந்தச் சிவப்புச் சொற்களைப் பாருங்கள். தெரியாத சொற்கள் குறைவாகவும், தெரிந்திருந்தும் காதில் விழாத சொற்கள் நிறையவும் இருக்கும். கடைசியாக ஒலிப்பதிவோடு சேர்ந்து, அதே வேகத்தில், வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தன் வாய் சொல்லிப் பழகாத ஒலியைக் காது எளிதில் அடையாளம் காணாது. ஒரு நாளைக்கு ஒரு பதிவு இப்படிச் செய்தால் போதும். பேருந்தில் போகும்போது பின்னணியில் இரண்டு மணி நேரம் ஆங்கிலம் ஓட விடுவதால் பெரிய பலன் இல்லை.

எண்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். சீனத்தில் பத்தாயிரம் 'வான்', பத்துக் கோடி 'யி'. மில்லியனும் பில்லியனும் அந்த அமைப்பில் உட்காராது. லட்சம் கோடியில் வளர்ந்த நமக்கு மில்லியன் என்றதும் ஒரு நொடி நின்று கணக்குப் போட வேண்டியிருக்கிறதல்லவா, அதேதான். 140 கோடி மக்கள் என்பது அவர்களுக்கு 14 யி, ஆங்கிலத்தில் 1.4 பில்லியன். எண்களைச் சொல்லி எழுதச் சொல்லும் பயிற்சியைத் தினமும் சில நிமிடம் செய்யுங்கள்.

தேர்வு அறையில் செய்ய வேண்டியது: ஒவ்வொரு பிரிவுக்கும் முன்னால் அறிவிப்பு வாசிக்கப்படும் நேரத்தில் விடைகளின் மேல் கண்ணை ஓட்டி, நான்கிலும் வேறுபடும் சொல்லைக் கோடிட வேண்டும். செய்தியின் முதல் வாக்கியத்தைத் தவறவிடக் கூடாது, சாரம் அதில்தான் இருக்கும். 'காதில் விழுந்த சொல் எந்த விடையில் இருக்கிறதோ அதைக் குறி' என்றொரு குறுக்குவழி மாணவர்களிடையே சுற்றுகிறது. உரையாடலில் சில நேரம் பலிக்கும், அதை நம்பி உட்கார முடியாது.

படி 5: வாசிப்பில் வரிசையை மாற்றுங்கள்

தாளில் முதலில் வருவது கோடிட்ட பத்து இடங்களைப் பதினைந்து சொற்களிலிருந்து நிரப்புவது. நேரத்தை விழுங்கும் கேள்வி, மதிப்பெண்ணோ மொத்தமே 35.5. இதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கேட்டுப் புரிதல் முடிந்ததும் வாசிப்புக்கும் மொழிபெயர்ப்புக்கும் சேர்த்து 10:10 முதல் 11:20 வரை 70 நிமிடம். முதலில் 14.2 மதிப்பெண் கேள்விகள் வரும் இரண்டு பத்திகள், அடுத்து மொழிபெயர்ப்பு, அப்புறம் நீண்ட கட்டுரையில் எந்தப் பத்தியில் எந்தச் செய்தி என்று பொருத்துவது, மிச்ச நேரத்தில் கோடிட்ட இடம். பொருத்துக பகுதியில் கேள்விகளை முதலில் படித்து, பெயர், ஆண்டு, எண் போன்ற பிடிமானங்களைக் குறித்துக்கொண்டு கட்டுரைக்குள் போக வேண்டும்.

படி 6: மொழிபெயர்ப்பு

2013 டிசம்பரிலிருந்து ஒரு முழுப் பத்தி கொடுக்கிறார்கள், சுமார் 140 முதல் 160 சீன எழுத்துகள். சீனப் பண்பாடு, வரலாறு, பொருளாதாரம், சமூக வளர்ச்சி இவற்றைச் சுற்றித்தான் பொருள் இருக்கும். 2019 ஜூனில் வந்த மூன்று தாள்களில் காகித வெட்டுக் கலை, விளக்குக் கூண்டு, சிங்க நடனம்.

தமிழர்கள் நன்றாக உதவக்கூடிய பகுதி இது. 'ஜன்னலில் ஒட்டப்படும் சிவப்புக் காகிதம்' என்று அடைமொழி எல்லாம் பெயருக்கு முன்னால் வருவது சீனத்திலும் தமிழிலும் ஒன்றே. ஆங்கிலத்தில் அது பெயருக்குப் பின்னால் 'விச்', 'தட்' என்று தொங்கும். எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவதும் இரண்டு மொழிக்கும் பொது. 'அ', 'தி' என்ற முன்னொட்டுத் தொல்லையும் இரண்டிலும் இல்லை. ஒரு இடத்தில் மட்டும் நாம் தப்பித்தோம்: தமிழ் வினை காலம் காட்டும், சீன வினை உருவம் மாறாது.

ஒரு உதாரணம் பார்ப்போம். சீனத்தில் இப்படி ஒரு வாக்கியம் வரும்: 'காகித வெட்டுக் கலை நீண்ட வரலாறு கொண்டது, வட சீனக் கிராமங்களில் பெரிதும் விரும்பப்படுகிறது, திருமணத்திலும் வசந்த விழாவிலும் கதவு ஜன்னல்களில் ஒட்டுகிறார்கள், நல்வாழ்வைக் குறிக்கிறது.' காற்புள்ளி போட்டுப் போட்டு நான்கு துண்டுகள், நடுவில் எழுவாய் மாறிவிட்டது. இதை அப்படியே ஆங்கிலமாக்கினால் வாக்கியம் உடையும். முதல் இரண்டு துண்டுகளைச் சேர்த்து ஒரு வாக்கியம்: 'பேப்பர் கட்டிங் ஹேஸ் அ லாங் ஹிஸ்டரி அண்ட் இஸ் பாப்புலர் இன் தி வில்லேஜஸ் ஆஃப் நார்த் சைனா.' மூன்றாவது துண்டில் ஒட்டுவது யார்? 'பீப்பிள்' என்று எழுவாயைக் கொண்டுவர வேண்டும். நான்காவதை 'டு பிரிங் குட் லக்' என்று அதன் வாலில் கட்டிவிடலாம்.

முதல் வரைவு முடிந்ததும் மூன்று தடவை கண்ணோட்டச் சொல்லுங்கள்: ஒன்று வினைகளுக்கு மட்டும் (காலம், ஒருமையோடு வரும் 'எஸ்'), ஒன்று பெயர்களுக்கு (பன்மை, 'அ', 'தி'), ஒன்று 'ஹீ', 'ஷீ'க்கு. கடைசியானது விளையாட்டில்லை. அவன், அவள் இரண்டுக்கும் சீனத்தில் ஒரே ஒலி 'தா', எழுத்தில்தான் வேறுபாடு. இன்னொன்று, சீனத்தில் 'சுயிரான்… தான்ஷி' ('என்றாலும்… ஆனால்') என்று இரண்டு இணைப்புச் சொற்களும் சேர்ந்தே வரும் பழக்கத்தால் 'ஆல்தோ' போட்ட வாக்கியத்தில் 'பட்'டும் வந்து உட்காரும். ஒன்றை அடித்துவிடச் சொல்லுங்கள்.

சொல் தெரியாவிட்டால் விளக்கிச் சொல்லலாம், இடத்தைக் காலியாக விடக் கூடாது. 15-க்குத் திருத்துகிறார்கள், ஒவ்வொரு பிழைக்கும் கழிக்காமல் மொத்தமாகப் படித்து 14, 11, 8, 5, 2 என்ற தரங்களில் ஒன்றில் வைக்கிறார்கள். அதனால் எளிமையான, உடையாத வாக்கியம் லாபம்.

படி 7: கட்டுரை

120 முதல் 180 சொற்கள், 30 நிமிடம். மாணவர் சங்கம் ஏற்பாடு செய்த பயணம் பற்றி வளாகச் செய்தித்தாளுக்கு எழுதச் சொல்லும் மாதிரியான தலைப்புகள் வரும். மனப்பாடம் செய்த 'டெம்ப்ளேட்' வரிகளை அப்படியே கொட்டினால் திருத்துபவருக்குத் தெரியாமல் போகாது. மூன்று பத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கருத்து, நடுப் பத்தியில் உண்மையான விவரம் இரண்டு. வாரத்துக்கு ஒன்று எழுத வைத்துத் திருத்துங்கள். ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால் அதை மட்டும் பிடித்துத் திருத்துங்கள், எல்லாவற்றையும் சிவப்பாக்கினால் பிள்ளை பேனாவைத் தொடாது.

படி 8: கடைசி வாரமும் தேர்வு நாளும்

கடைசி இரண்டு வினாத்தாள்களைத் தொடாமல் வைத்திருங்கள். அவற்றைக் காலை ஒன்பது மணிக்கே, கைப்பேசியை அணைத்துவிட்டு எழுத வையுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டை, மாணவர் அட்டை, ஹால் டிக்கெட், 2பி பென்சில், கறுப்பு மை பேனா. பல கல்லூரிகளில் ஒலிப்பதிவை எஃப்எம் அலைவரிசையில் ஒலிபரப்புவார்கள். அங்கே மாணவரே ஹெட்போன் கொண்டுபோக வேண்டும், முந்தைய நாள் புது பேட்டரி போட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டும். வினாத்தாளின் பின்பக்கத்தில் உள்ள பட்டைக்குறியைக் கிழித்து முதல் விடைத்தாளில் ஒட்ட மறந்தால் மதிப்பெண்ணே கிடைக்காமல் போகலாம்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேர் கோட்டைவிடுவது இதில்: கட்டுரையும் கேட்டுப் புரிதலும் உள்ள முதல் விடைத்தாளை ஒலிப்பதிவு முடிந்த கையோடு வாங்கிவிடுவார்கள். வினாத்தாளில் குறித்து வைத்துக்கொண்டு அப்புறம் நிதானமாக வட்டத்தை நிரப்பலாம் என்றால் நேரம் இருக்காது. கேட்கும்போதே நிரப்பப் பழக வேண்டும், வீட்டில் எழுதும் மாதிரித் தேர்விலும் அப்படியே. முடிவு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். 425-க்குக் கீழே வந்தால் அடுத்த முறைக்கான பதிவு எப்போது என்று கல்லூரி அறிவிப்பில் உடனே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.