கோலாலம்பூர் வெயிலில் கேமெல்லியா

கேமரன் மலைக் குளிரில் பூக்கும் ஜப்போனிகா கேமெல்லியா என்ற பூச்செடியைக் கோலாலம்பூரில் வைத்தால், மொட்டு விட்டாலும் பெரும்பாலும் விரியாமல் பழுப்பாகி உதிரும். இங்கே இரவிலும் புழுக்கம்தான். உரம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. அதன் உடன்பிறப்பான தேயிலைச் செடியை வையுங்கள். சிலாங்கூர் புக்கிட் சீடிங்கில் சமவெளியிலேயே தேயிலை பயிரிட்டிருக்கிறார்கள். மஞ்சள் மகரந்தம் நிறைந்த சின்ன வெள்ளைப் பூ, அவ்வளவு அழகு!

12 அங்குலத் தொட்டி போதும். தோட்டமண் 2 பங்கு, தேங்காய் நார்த்தூள் 2 பங்கு, பெர்லைட் (தண்ணீர் வடிய உதவும் வெள்ளைத் துகள்) 1 பங்கு. நார்த்தூளை ஊறவைத்து இரண்டு முறை அலசுங்கள். அதிலுள்ள உப்பு இலை ஓரத்தைக் கருக்கும். தண்டின் அடிப்பகுதியை மண்ணில் புதைக்காதீர்கள். வேர் மேலாகவே படரும், ஆழமாக நட்டால் மூச்சுமுட்டி அழுகும். மழைக்காலத்தில் அடித்தட்டை எடுத்துவிடுங்கள்.

காலை 11 மணி வரை வெயில், பிறகு நிழல்.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறதா? இரும்புச்சத்து ஏறவில்லை. மண்ணின் பிஎச் (அமில-கார அளவு) 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். சிமெண்ட் சுவரிலிருந்து சுண்ணாம்பு கரைந்து வந்தால் பிஎச் கூடிவிடும். தொட்டியை முதலில் அங்கிருந்து நகர்த்துங்கள், பிறகு கீலேட் இரும்பு (வேர் எளிதாக உறிஞ்சும் இரும்புச்சத்து உரம்) கொடுங்கள்.