டைப்ரைட்டருக்கு எண்ணெய் ஊற்றாதீர்கள்

அட்டன், பண்டாரவளைப் பக்கம் பழைய போர்ட்டபிள் டைப்ரைட்டர் தேடும் இளையவர்கள் கூடிவிட்டார்கள். தோட்ட ஆபீஸ் ஸ்டோரிலும், ஓய்வுபெற்ற கிளாக்கர்மார் வீட்டு அலுமாரி மேலும் கிடந்தவை ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. சந்தோஷம்தான். ஆனால் வாங்கியதை என்னிடம் கொண்டுவந்து காட்டும்போது, பாதிக் கோளாறு வாங்கிய பிறகு வந்ததாக இருக்கிறது. ரிப்பன் காய்ந்திருப்பது, ‘1’ விசையே இல்லாதது (சின்ன ‘எல்’ எழுத்தை அடித்தால் போதும்) எல்லாம் தானாகவே புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எண்ணெய் ஊற்றுவது

விசையை அழுத்தினால் எழுத்துக் கம்பி மேலே போய் நின்றுவிடுகிறது, திரும்பி விழவில்லை. உடனே கை எண்ணெய்ப் போத்தலுக்குப் போகிறது. தையல் மெஷின் எண்ணெய், ஸ்பிரே, அதுவும் இல்லையென்றால் குசினியில் இருக்கும் தேங்காய் எண்ணெய். இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

கம்பிகளின் அடிப்பகுதி அரைவட்டமான ஓர் உலோகத் துண்டின் ஒடுங்கிய வெட்டுகளுக்குள் நிற்கிறது. செக்மென்ட் என்பது அதுதான். கம்பி தன் பாரத்தாலும் மெல்லிய ஸ்பிரிங்கின் இழுப்பாலும் கீழே வர வேண்டும். அந்த வெட்டுக்குள் எண்ணெய் இறங்கினால் தூசியும் அழிறப்பர்த் துகளும் சேர்ந்து பசையாகிவிடும். தேங்காய் எண்ணெய் என்றால் கேட்கவே வேண்டாம். 24 பாகைக்குக் கீழே அது உறையத் தொடங்கும். கொழும்பில் ஓரளவு ஓடிய மெஷின், 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவின் காலைக் குளிரில் அசையாது.

தலவாக்கலைத் தம்பி ஒருவர் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து ஒலிவெட்டி லெட்டெரா 32 வாங்கினார். தேங்காய் எண்ணெய் போட்டார். அப்புறம் கூட்டாளியிடம் இருந்த ‘பிரதர்’ கம்பனி மெஷினோடு ஒப்பிட்டுவிட்டு, “அண்ணே, ஒலிவெட்டி எல்லாம் பேருதான், பிரதர்தான் லேசா அடிக்குது” என்றார். நான் பார்ப்பதற்குள் அரைவிலைக்கு விற்றும்விட்டார். வாங்கியவர் கழுவி எடுத்தார். இப்போது அது அந்தப் பிரதரைவிட லேசாக ஓடுகிறது. தம்பி இன்னமும் ஒலிவெட்டியைத்தான் குறை சொல்லிக்கொண்டு திரிகிறார்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பெயின்ட் கலக்கும் மினரல் டர்பன்டைனில் பழைய பல் பிரஷைத் தோய்த்துச் செக்மென்டைத் தேயுங்கள். விசைகளை மாறி மாறி அழுத்துங்கள், துணியால் ஒற்றி எடுங்கள், கறுப்பு வருவது நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள். பிறகு காயவிடுங்கள், எண்ணெய் வேண்டாம். தாள் சுற்றும் உருளையின் றப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் டர்பன்டைன் படக்கூடாது. குளிராக இருக்கிறதென்று அடுப்படியில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யாதீர்கள், தீப்பற்றும்.

கல்லான உருளை

பழைய றப்பர் இறுகிவிடும். எழுத்து மங்கும், சத்தம் கூடும், தாள் வழுக்கும். இரண்டு மெஷின்களை ஒப்பிடுவதற்கு முன் இரண்டிலும் தாளுக்குப் பின்னால் இன்னொரு தாள் வைத்து அடித்துப் பாருங்கள்.

ஷிஃப்ட்டை மறப்பது

ஒலிம்பியா எஸ்எம்3 இல் ஷிஃப்ட் அழுத்தினால் சுண்டுவிரல் கேரேஜையே (உருளையையும் தாளையும் தாங்கிப் பக்கவாட்டில் நகரும் பகுதி) தூக்க வேண்டும். எஸ்எம்9 இல் செக்மென்ட் கீழே இறங்கும், கேரேஜ் அசையாது. சிறிய எழுத்துகளை மட்டும் அடித்துவிட்டு இரண்டும் ஒன்றுதான் என்பவரிடம் என்ன சொல்வது?

வெள்ளைக்காரத் தொரையின் மெஷின்

விற்பவர் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். சுதந்திரத்துக்கு முன்பிருந்தே பங்களாவில் இருந்ததாம். கையில் இருப்பதோ லெட்டெரா 32. அந்த மாடல் வந்ததே 1963 இல். இங்கிலாந்தின் லெஸ்டரில் செய்த இம்பீரியல் குட் கம்பேனியன் என்றால் 1932 இலிருந்து வந்தது, கதை பொருந்தக்கூடும். கதைக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

தமிழ் மெஷினைத் ‘திருத்துவது’

யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா அமைத்த தமிழ் விசைப்பலகை வழியில் வந்தவற்றில் நகரா விசைகள் உண்டு. மெய்யெழுத்தின் புள்ளியை அடித்தால் கேரேஜ் நகராது. அடுத்து எழுத்தை அடிக்கும்போதுதான் நகரும். இதைக் கோளாறு என்று எண்ணி உள்ளே ஸ்குரூ டிரைவரை விட்டவர்கள் இருக்கிறார்கள். தமிழ் மெஷின் கிடைப்பதே அரிது. தயவுசெய்து தொடாதீர்கள்.

மூடிய பெட்டி

மழைக்காலத்தில் வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும்.

பஸ் பயணம்

கேரேஜைப் பூட்டுங்கள். மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.