காலில் வீக்கம், தட்டில் கருவாடு

பெரியம்மாவின் கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தினால் குழி விழும். விரலை எடுத்த பிறகும் அது மெல்லத்தான் நிரம்பும். "உடம்பில தண்ணி கூடிப்போச்சு" என்று தானே முடிவு கட்டி, குடிக்கும் தண்ணீரைப் பாதியாக்கிவிட்டார். மத்தியானச் சோற்றோடு கருவாட்டுப் பொரியலும் மோர் மிளகாயும் மட்டும் குறையவில்லை.

சிறுநீரகம் உப்புக்கும் தண்ணீருக்கும் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறது. நாங்கள்தான் இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதுகிறோம். தண்ணீர்க் கணக்கு மூளையிடமிருந்து வருகிறது: இரத்தம் கொஞ்சம் செறிவானால் தாகம் எடுக்கும், வாசோப்பிரசின் என்ற ஓமோன் சுரக்கும், சிறுநீரகம் தண்ணீரை மறித்து உள்ளே எடுக்கும். சலம் கடும் மஞ்சளாவது அதனால்தான். கிட்னி பழுதென்று உடனே பயப்பட வேண்டாம். உப்புக் கணக்கு வேறு. ஓடும் இரத்தத்தின் அளவு குறைந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற பொருளை விடும், அது கடைசியில் அல்டொஸ்டெரோன் என்ற ஓமோனைச் சுரக்கவைத்து உப்பிலுள்ள சோடியத்தைப் பிடித்து வைக்கும். ஒரு நாளில் சிறுநீரகத்தில் ஏறத்தாழ 180 லீற்றர் நீர் வடிக்கப்பட்டாலும் சலமாக வெளியே போவது ஒன்றரை லீற்றர் அளவுதான்.

பெரியம்மாவின் பிழை இப்போது தெரியும். உடம்பில் மேலதிகமாக 9 கிராம் உப்புத் தங்கினால், அதன் செறிவுக்கு ஈடாக ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீரும் கூடவே தங்கும். வீக்கத்துக்கு முதலில் குறைக்க வேண்டியது உப்பு. தண்ணீரைக் குறைப்பது வைத்தியர் அளவு சொன்னவர்களுக்கு. இந்துப்புக்கு மாறினால் சரிவரும் என்பவர்களும் உண்டு. அதுவும் அதே சோடியம் குளோரைட்டுத்தான்.

இதன் மறுபக்கமும் நடக்கிறது. இரத்தப் பரிசோதனைத் துண்டில் சோடியம் வழமையான கீழெல்லையான 135க்குக் கீழே என்று கண்டதும் கஞ்சியில் உப்பைக் கூட்டுவார்கள். பெரும்பாலும் அங்கே உப்புக் குறைந்திருக்காது, தண்ணீர் கூடி இரத்தம் நீர்த்திருக்கும். இருதயம் பலவீனமானவருக்கு அந்த உப்பு வீக்கத்தையும் மூச்சு முட்டலையும்தான் கூட்டும்.

சிறுபோக வெட்டு நேரத்து வயலுக்கு வருவோம். மெசின் வந்தாலும் மூட்டை தூக்க ஆள் வேண்டும். விடிய ஒரு பிளேன்ரீ, பத்து மணிவரை ஒன்றுமில்லை, பிறகு ஒரே மூச்சில் இரண்டு போத்தல் தண்ணீர். நல்ல சிறுநீரகம்கூட மணிக்கு ஒரு லீற்றர் அளவைத்தான் வெளியேற்றும். வியர்த்துக் களைத்திருக்கும்போது வாசோப்பிரசினும் கூடியிருப்பதால் அந்த அளவும் போகாது, இரத்தம் நீர்த்துப்போகலாம். இடையிடையே தாகத்துக்குக் குடித்தால் போதும். போன உப்பு பழஞ்சோற்றோடும் மோரோடும் திரும்பி வரும். வயிற்றோட்டத்துக்கான உப்புத் தூளான ஜீவனியைப் பக்கெற்றில் போட்ட அளவைவிடக் குறைந்த தண்ணீரில் கரைப்பதும் ஆபத்து.

எனக்கு மிகவும் பயமான தவறு பின்னேரத்தில் நடக்கிறது. நாரி உளைவுக்கு டைக்ளோபினாக் என்ற நோக்குளிசை ஒன்றைப் போட்டுக்கொண்டு படுப்பார்கள். உடம்பு வறண்டிருக்கும்போது சிறுநீரகம் தனக்கு இரத்தம் வரும் குழாயைப் புரொஸ்டாகிளண்டின் என்ற பொருளால்தான் விரித்து வைத்திருக்கிறது. அந்தக் குளிசை அதையே நிறுத்திவிடும். பிறசருக்கு லோசாட்டனும் சலம் போகும் குளிசையும் குடிப்பவராயின் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தைச் சடுதியாக முடக்கலாம். வவுனியாப் பக்கக் கமக்காரரிடையே காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் ஏற்கெனவே இருக்கிறது, இதையும் ஏன் சேர்க்க வேண்டும்? உளைவுக்குப் பனடோல், சொன்ன அளவுக்குள்.

பெரியம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வீக்கம் இருதயத்தாலா, ஈரலாலா, கிட்னியாலா என்று பார்க்காமல் வீட்டில் முடிவெடுக்க முடியாது. வரும் வழியில் கேட்டார், "கருவாட்டை இரவே ஊறப்போட்டு அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டுப் பொரிச்சால் என்ன?" கொஞ்சம் உப்புப் போகும், முழுதும் போகாது என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.