போனில் இ-சிம் போடுவது எப்படி? பழைய சிம்மைக் கழற்றுவதற்கு முன் படியுங்கள்

இ-சிம் போடும் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். சிக்கல் வருவது பெரும்பாலும் அதற்கு முன்னும் பின்னும்தான். மொபைல் நிறுவனம் அனுப்பிய க்யூஆர் கோடு வந்த போனிலேயே அதை ஸ்கேன் செய்ய வழி தெரியாமல் நிற்பது, பாதி டவுன்லோடில் வைஃபை போய்விடுவது, நெட்வொர்க் வரவில்லையே என்று இறக்கியதை டெலீட் செய்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யப் பார்ப்பது. கடைசியாகச் சொன்னதுதான் ஆளை நிஜமாகவே மாட்டிவிடும். அது ஏன் என்று முதலில் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

இ-சிம் என்பது என்ன?

நாம் ட்ரேயில் வைத்துச் செருகும் நானோ சிம் 12.3 மில்லிமீட்டருக்கு 8.8 மில்லிமீட்டர். அதில் வேலை செய்வது தங்க நிறத் தகட்டுக்கு அடியில் இருக்கும் சிப் மட்டும்தான், சுற்றியிருப்பது பிளாஸ்டிக். இ-சிம் வசதியுள்ள போனில் அந்தச் சிப் தயாரிக்கும்போதே உள்ளே பதித்து வருகிறது. புதுப் போனில் அது காலியாக இருக்கும், எந்த நிறுவனத்தின் எண்ணும் இருக்காது. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது, உங்கள் இணைப்புக்கான ரகசியச் சாவிகள் அடங்கிய தொகுப்பு ஒன்று நிறுவனத்தின் சர்வரிலிருந்து அந்தச் சிப்புக்குள் இறங்குகிறது. இதைத்தான் புரொஃபைல் என்கிறார்கள்.

புரொஃபைலும் போட்டோ, பாட்டு மாதிரி ஒரு ஃபைல்தானே என்று நினைத்துவிடக் கூடாது. எந்தச் சிப்புக்காக இறக்கினோமோ அந்தச் சிப் மட்டுமே திறக்கும்படி பூட்டி அனுப்புகிறார்கள். வெளியே எடுத்து நகல் போட முடியாது. போன் பேக்கப்பிலும் வராது. க்யூஆர் கோடும் பெரும்பாலும் ஒரே முறைக்குத்தான்: புரொஃபைலை ஒருமுறை கொடுத்ததும் சர்வர் அந்தக் கோடைச் செல்லாததாக்கிவிடும். ஆகவே டெலீட் பட்டனை அழுத்தினால், கையில் இருக்கும் க்யூஆர் கோடு வெறும் படம். நிறுவனத்திடம் கேட்டு, அடையாளச் சான்று காட்டி, புதுக் கோடு வாங்க வேண்டியிருக்கும்.

போன் ஏற்குமா?

டயல் பேடில் *#06# அடியுங்கள். கால் பட்டனை அழுத்த வேண்டாம், கடைசி # போட்டதுமே திரையில் எண்கள் வந்துவிடும். அதில் 15 இலக்கத்தில் இருப்பவை ஐஎம்இஐ, அதாவது போனின் அடையாள எண். அவற்றோடு 'இஐடி' என்று 89-ல் தொடங்கும் 32 இலக்க எண் இருந்தால், உங்கள் போனில் இ-சிம் சிப் இருக்கிறது. அந்த வரியே இல்லையென்றால் பொதுவாக அந்தப் போனில் வசதி இல்லை. இந்த எண்ணைச் சில நிறுவனங்கள் கேட்கும். 32 இலக்கத்தைக் கையால் எழுதி எடுத்தால் ஓர் இலக்கமாவது தவறும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாடல் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐபோனில் 2018-ல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் இ-சிம் உண்டு. ஆனால் சீனப் பெருநிலத்தில் விற்ற எக்ஸ்ஆரில் இ-சிம் இல்லை, அதற்குப் பதில் இரண்டு நானோ சிம் போடலாம். அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-லோ சிம் ட்ரேயே கிடையாது, இ-சிம் மட்டும்தான். ஆண்ட்ராய்டிலும் ஒரே பெயரில் வரும் போன், விற்கும் நாட்டைப் பொறுத்து இ-சிம்மோடும் இல்லாமலும் வரும். பழைய போன் வாங்குகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன் *#06# அடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது லாக். தவணையிலோ ஒப்பந்தத்திலோ வாங்கிய போன் ஒரே நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டிருக்கலாம். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போய், 'கேரியர் லாக்' என்ற வரியில் 'நோ சிம் ரிஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். ஆண்ட்ராய்டில் வேறொரு நிறுவனத்தின் சிம்மைப் போட்டு நெட்வொர்க் எடுக்கிறதா என்று பார்ப்பதுதான் நம்பகமான சோதனை.

ஸ்கேன் செய்வதற்கு முன்

வைஃபை வேண்டும், அதுவும் விட்டுவிட்டு வராத வைஃபை. ஏற்கெனவே இருக்கும் எண்ணை இ-சிம்மாக மாற்றும்போது அதே சிம்மின் மொபைல் டேட்டாவை நம்பி இறங்காதீர்கள். மாற்றம் தொடங்கியதும் பழைய சிம் எந்த நிமிடமும் நின்றுவிடும், டவுன்லோடும் அதோடு நிற்கும். பக்கத்தில் வேறு போன் இருந்தால் அதன் ஹாட்ஸ்பாட் போதும். புரொஃபைல் அளவில் மிகச் சிறியது.

தேதியும் நேரமும் தானாக அமையும்படி வையுங்கள். சர்வரும் போனும் ஒன்றையொன்று டிஜிட்டல் சான்றிதழ் பார்த்துத்தான் நம்புகின்றன. கடிகாரம் பின்தங்கியிருந்தால் சரியான சான்றிதழும் செல்லாததாகத் தெரியும், போன் காரணம் சொல்லாமல் 'பிழை' என்று மட்டும் காட்டும். விபிஎன் போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள்.

க்யூஆர் கோடைக் காட்ட இன்னொரு திரை தேவை: லேப்டாப், டேப்லெட், வீட்டில் வேறொருவர் போன், எதுவானாலும் சரி. ஒன்றுமே இல்லையென்றால் காகிதத்தில் அச்செடுக்கலாம்.

பழைய சிம் கடைசி வரை போனிலேயே இருக்கட்டும். உறுதிப்படுத்தும் ஓடிபி அதற்குத்தான் வரும். பணப் பரிமாற்றம் ஏதாவது செய்ய வேண்டியிருந்தால் முன்பே முடித்துவிடுங்கள். சிம் மாற்றிய பிறகு பாதுகாப்புக்காகச் சில நிறுவனங்கள் பல மணி நேரம் எஸ்எம்எஸ்ஸை நிறுத்தி வைக்கும், அதுவரை வங்கி ஓடிபி வராது. பயணத்துக்குக் கிளம்பும் நாளில், விமான நிலையத்தில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யவே கூடாது.

கோடை நிறுவனத்தின் சொந்த ஆப்பிலோ நேரில் போயோ நீங்களே கேட்டு வாங்குங்கள். "உங்கள் சிம்மை இ-சிம்மாக மாற்றித் தருகிறோம், இப்போது வரும் ஓடிபியைச் சொல்லுங்கள்" என்று யாராவது தாமாகக் கூப்பிட்டால் அப்போதே துண்டித்துவிடுங்கள். அந்த ஓடிபி போனால் உங்கள் எண் அவர்கள் போனில் ஏறிவிடும், பிறகு வங்கியிலிருந்து வரும் ஓடிபி எல்லாம் அவர்களுக்குத்தான். க்யூஆர் கோடும் அப்படியே. நீங்கள் ஸ்கேன் செய்வதற்கு முன் அதன் படம் யார் கையில் கிடைத்தாலும் எண் அவர்களுடையது. குடும்ப குரூப்பில்கூட அனுப்ப வேண்டாம்.

ஐபோனில்

1. செட்டிங்ஸ் திறந்து 'மொபைல் டேட்டா' அல்லது 'செல்லுலார்' என்பதைத் தொடுங்கள்.
2. 'ஆட் இ-சிம்' தேர்ந்தெடுங்கள். 
3. 'யூஸ் க்யூஆர் கோடு' தொட்டு, இன்னொரு திரையில் இருக்கும் கோடுக்கு நேராக கேமராவைப் பிடியுங்கள். கோடு காட்டும் திரையின் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். ரொம்பக் கிட்டே போகாமல் ஒரு சாண் தள்ளியே பிடியுங்கள்.
4. 'கன்டினியூ' கொடுத்ததும் 'ஆக்டிவேட்டிங்' என்று சுற்றும். அது முடியும்வரை ஆப்பை மாற்றாதீர்கள், திரையை அணைக்காதீர்கள்.
5. புது எண்ணுக்கு ஒரு லேபிள் கேட்கும். 'பிரைமரி', 'செகண்டரி' என்று விடாமல் 'வீடு', 'வேலை', 'பயணம்' என்று உங்களுக்குப் புரியும் பெயரே வையுங்கள். பின்னால் எந்த சிம்மிலிருந்து கால் போகிறது என்று குழம்ப மாட்டீர்கள்.

இன்னொரு திரை இல்லையா? ஐஓஎஸ் 17.4 முதல், மெயிலிலோ போட்டோவிலோ இருக்கும் க்யூஆர் கோடின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் 'ஆட் இ-சிம்' என்ற தேர்வு வரும். நிறுவனம் ஏற்றால் கோடே இல்லாமலும் மாற்றலாம்: அதே மொபைல் டேட்டா பக்கத்தில் இருக்கும் சிம்மைத் தொட்டால் 'கன்வர்ட் டு இ-சிம்' தெரியும். தெரியவில்லையென்றால் உங்கள் நிறுவனத்தில் அந்த வழி இல்லை என்று அர்த்தம், போனில் கோளாறு இல்லை.

ஆண்ட்ராய்டில்

பாதை போனுக்குப் போன் மாறும். சாம்சங்கில் செட்டிங்ஸ், கனெக்‌ஷன்ஸ், சிம் மேனேஜர், அங்கே 'ஆட் இ-சிம்'. பிக்ஸலில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்டு இன்டர்நெட், சிம்ஸ், அங்கே புது சிம் சேர்க்கும் தேர்வு. வேறு போன் என்றால் செட்டிங்ஸ் மேலே இருக்கும் தேடல் கட்டத்தில் இ-சிம் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள், நேராகக் கொண்டுபோய் விடும். அதன் பிறகு ஸ்கேன், உறுதி, காத்திருப்பு எல்லாம் ஐபோன் மாதிரிதான். இறங்கியதும் பட்டியலில் புது சிம்மின் ஸ்விட்ச் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியும் அணைந்தே கிடப்பது ஆண்ட்ராய்டில் சகஜம்.

இரண்டு ட்ரே, கூடவே இ-சிம் என்று இருக்கும் போன்களில் பொதுவாக ஒரே நேரத்தில் இரண்டு மட்டுமே ஓடும். இ-சிம்மை ஆன் செய்ததும் இரண்டாவது ட்ரேயில் இருந்த சிம் காணாமல் போனால் பயப்பட வேண்டாம், அது உறங்குகிறது. எத்தனை இ-சிம்மைச் சேமிக்கலாம் என்பது வேறு கணக்கு: ஐபோனில் எட்டோ அதற்கு மேலோ வைத்துக்கொள்ளலாம்.

க்யூஆர் கோடு ஸ்கேன் ஆகவில்லையா?

க்யூஆர் கோடுக்குள் இருப்பது ஒரே ஒரு வரி. எல், பி, ஏ என்ற மூன்று ஆங்கில எழுத்து, முக்காற்புள்ளி, 1, பிறகு ஒரு $ குறி, அடுத்து இணையதள முகவரி போல ஒன்று, மறுபடி $, கடைசியில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான கோடு. நடுவில் இருப்பது சர்வரின் முகவரி. கடைசியில் இருப்பது உங்களுக்காக எடுத்து வைத்த புரொஃபைலின் அடையாளம். நிறுவனம் அனுப்பும் மெயிலில் க்யூஆர் கோடுக்குக் கீழேயே இந்த இரண்டையும் எழுத்தாகப் பெரும்பாலும் கொடுத்திருப்பார்கள்.

ஸ்கேன் திரையின் கீழே 'என்டர் டீடெயில்ஸ் மேனுவலி' என்று இருக்கும். ஐபோனில் சர்வர் முகவரியையும் அடையாளக் கோடையும் தனித்தனிக் கட்டத்தில் $ இல்லாமல் ஒட்ட வேண்டும். ஆண்ட்ராய்டில் பொதுவாக ஒரே கட்டம்தான், முழு வரியையும் $ குறிகளோடு அப்படியே ஒட்டுங்கள். தட்டச்சு செய்யாமல் காப்பி செய்வதே நல்லது, பூஜ்ஜியத்துக்கும் ஓ எழுத்துக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. காப்பி செய்யும்போது முன்னாலோ பின்னாலோ ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்தாலும் 'செல்லாத கோடு' என்றுதான் சொல்லும். 'கன்ஃபர்மேஷன் கோடு' என்று இன்னொன்று கேட்டால் அது நிறுவனம் தனியாக அனுப்பியிருப்பது. மெயிலில் அப்படி எதுவும் இல்லையென்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

இறங்கிய பிறகு

டேட்டாவுக்கு எந்த சிம், காலுக்கு எந்த சிம் என்று தனித்தனியாகக் குறியுங்கள். பயணத்துக்காக இ-சிம் வாங்கியவர்கள் இதில்தான் பணத்தை இழக்கிறார்கள். டேட்டாவைப் பயண சிம்முக்கு மாற்றி, அந்த சிம்முக்கு மட்டும் டேட்டா ரோமிங்கை ஆன் செய்யுங்கள். வீட்டு சிம்மில் ரோமிங் ஆஃப்பிலேயே இருக்கட்டும். ஐபோனில் 'அலவ் மொபைல் டேட்டா ஸ்விட்சிங்' என்ற ஸ்விட்சையும் அணையுங்கள். அது ஆனில் இருந்தால் பயண சிம்மில் சிக்னல் குறையும்போது போன் தானாக வீட்டு சிம்மின் டேட்டாவுக்குத் தாவிவிடும். வாட்ஸ்அப் எண்ணை மாற்றச் சொல்லிக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், எந்த சிம்மில் இணையம் ஓடினாலும் பழைய எண்ணிலேயே அது இயங்கும்.

நெட்வொர்க் வராவிட்டால்

'ஆக்டிவேட்டிங்' என்றே நிற்கிறதா? கொஞ்சம் பொறுத்து, ஏர்பிளேன் மோடை அரை நிமிடம் போட்டு எடுங்கள், பிறகு போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள். எண்ணை மாற்றும் வேலை நிறுவனத்தின் பக்கமும் நடக்க வேண்டும், அதற்குச் சில நேரம் மணிக்கணக்காகும். அதுவரை பழைய சிம் வேலை செய்தால் மாற்றம் இன்னும் முடியவில்லை என்று பொருள்.

சிக்னல் கோடுகள் தெரிகின்றன, கால் போகிறது, இணையம் மட்டும் வரவில்லை என்றால் அநேகமாக ஏபிஎன் (எந்த வழியாக இணையத்துக்குப் போவது என்று போனுக்குச் சொல்லும் பெயர்) சரியாக இல்லை. நிறுவனம் கொடுத்த பெயரை மொபைல் நெட்வொர்க் அமைப்பில் ஏபிஎன் கட்டத்தில் போடுங்கள். பயண சிம் என்றால் ரோமிங் ஆனில் இருக்கிறதா என்பதை அதற்கும் முன்னால் பாருங்கள்.

'கோடு செல்லாது' என்று வந்தால், சிம் பட்டியலை ஒருமுறை பாருங்கள். முதல் முயற்சியிலேயே புரொஃபைல் இறங்கி, அணைந்த நிலையில் அங்கே இருக்கலாம். ஸ்விட்சைப் போட்டாலே போதும்.

இதில் எது நடந்தாலும் புரொஃபைலை டெலீட் செய்யாதீர்கள். நிறுவனத்தின் உதவி எண்ணில் பேசி, அவர்களே அழிக்கச் சொன்னால், புதுக் கோடு கைக்கு வந்த பிறகு அழியுங்கள்.

போனை மாற்றும்போது

பழைய போனை விற்பதற்கு முன், அது உயிரோடு இருக்கும்போதே எண்ணைப் புதுப் போனுக்கு நகர்த்துங்கள். இரண்டும் ஐஓஎஸ் 16 அல்லது அதற்கு மேல் உள்ள ஐபோன்கள், நிறுவனமும் ஏற்கிறது என்றால், புதுப் போனில் 'ஆட் இ-சிம்' போய் 'டிரான்ஸ்ஃபர் ஃப்ரம் நியர்பை ஐபோன்' கொடுத்தால் கோடே தேவையில்லை. மற்றபடி புதுக் கோடு கேட்டு வாங்க வேண்டும். புதுப் போனில் கால் வந்து போகிறதா என்று பார்த்த பிறகே பழையதை ரீசெட் செய்யுங்கள். ரீசெட் செய்யும்போது இ-சிம்மையும் அழிக்கவா, வைத்துக்கொள்ளவா என்று கேட்கும். விற்கப்போகும் போனில் அழியுங்கள். வேகம் குறைந்ததென்று நீங்களே ரீசெட் செய்கிறீர்கள் என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

போன் தொலைந்தால் திருடனால் இ-சிம்மைக் கழற்றி எறிய முடியாது. நெட்வொர்க் இருக்கும்வரை போன் எங்கே இருக்கிறது என்று தேட அது உதவும். ஆனால் பூட்டு போடாத போன் என்றால் வரும் ஓடிபி எல்லாம் அவர் கண்ணில் படும். ஆகவே திரைப் பூட்டோடு, பூட்டிய திரையில் மெசேஜ் உள்ளடக்கம் தெரியாதபடியும் அமைத்து வையுங்கள். சிம் பின் (சிம்மைத் திறக்கும் ரகசிய எண்) போடுவதும் நல்லது, இ-சிம்முக்கும் அது உண்டு. நிறுவனம் முதலில் கொடுத்த ரகசிய எண் தெரியாமல் ஊகித்து அடிக்காதீர்கள். மூன்று முறை தவறினால், பூட்டிய சிம்மைத் திறக்க நிறுவனம் தரும் பியூகே கோடு கேட்கும், அதையும் பத்து முறை தவறாகப் போட்டால் அந்தப் புரொஃபைல் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். மறுபடி புதுக் கோடுதான்.