வேதியியல் ஆய்வகத்தில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுநிலை வேதியியல் முடித்துவிட்டு மருந்து ஆலைகளின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் வேலை தேடி வருபவர்களைப் பல ஆண்டுகளாக நேர்காணல் செய்து வருகிறேன். அவர்களுடைய விண்ணப்பங்களில் எச்.பி.எல்.சி. (கலவையைத் திரவ ஓட்டத்தில் பிரிப்பது), ஜி.சி. (வாயு ஓட்டத்தில் பிரிப்பது), என்.எம்.ஆர். (மூலக்கூறின் கட்டமைப்பைக் காட்டுவது) என்று கருவிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். எச்.பி.எல்.சி. கருவியில் பிரிப்பு நடக்கும் எஃகுக் குழாயை ஆய்வகத்தில் ‘காலம்’ என்போம். நீங்கள் பயன்படுத்திய காலம் எந்த வகை, அதன் நீளம் எவ்வளவு என்று கேட்டதும் பலர் தடுமாறிவிடுகிறார்கள். கல்லூரியில் ஒருநாள் செயல்விளக்கம் பார்த்ததையே கருவியைக் கையாண்டதாக எழுதியிருப்பார்கள். பார்த்ததைப் பார்த்தேன் என்றும், ஓட்டியதை ஓட்டினேன் என்றும் எழுதுங்கள். பியூரெட்டும் பிப்பெட்டும் மட்டுமே தெரியும் என்று சொல்லி, ஒரு தரம்பார்த்தலை (டைட்ரேஷன்) பிழையில்லாமல் விளக்கியவர்களை நான் மகிழ்ச்சியோடு தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

ஏனென்றால், விலை உயர்ந்த கருவியின் முடிவு பெரும்பாலும் அதற்கு முந்தைய எளிய வேலையில்தான் கெடுகிறது. உலர்த்தும் அடுப்பிலிருந்து எடுத்த எடைக்குப்பியை ஆறவிடாமல் தராசில் வைத்தால், அதைச் சுற்றி எழும் வெப்பக் காற்றோட்டத்தால் எடை குறைவாகக் காட்டும். ஒரே ஒரு அளவுக்குரிய குமிழ்ப் பிப்பெட்டின் நுனியில் தங்கும் கடைசித் துளி வெளியே வராது என்று கணக்கிட்டே அதன் அளவு குறிக்கப்பட்டிருப்பதால், அந்தத் துளியை ஊதித் தள்ளக் கூடாது. துல்லியமான கொள்ளளவு குறித்த ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்க்கை அடுப்பில் வைத்துச் சூடாக்கக் கூடாது. அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். மானியின் மின்முனையைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைப்பது பலரிடம் உள்ள பழக்கம். அதைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும்.

எச்.பி.எல்.சி.யைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நான் முன்பு பணியாற்றிய ஓர் ஆய்வகத்தில், புதிதாகச் சேர்ந்த ஒருவர் சனிக்கிழமை மாலை வேலையை முடிக்கும் அவசரத்தில் இருந்தார். அன்று முழுவதும் பாஸ்பேட் பஃபர் (பி.எச். மாறாமல் காக்கும் உப்புக் கரைசல்) ஓடிய சி18 வகைக் காலத்தில், இடையில் தண்ணீர் விட்டுக் கழுவாமல் நேரடியாகத் தூய அசிட்டோநைட்ரைல் என்ற கரிமக் கரைப்பானைச் செலுத்திவிட்டார். பாஸ்பேட் உப்பு அசிட்டோநைட்ரைலில் கரையாது. குழாய்க்குள்ளேயே அது படிகமாகி அடைத்துக்கொள்ள, காலையிலிருந்து 120 பார் அளவில் நின்றிருந்த அழுத்தம் சில நிமிடங்களில் கருவியின் உச்ச வரம்பைத் தொட்டு, பம்ப் தானாக நின்றுவிட்டது. அவர் அஞ்சி யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை காலை நான் வந்து பார்க்கும்போது, பம்ப்பின் இணைப்புகளில் வெள்ளை உப்பு பூத்திருந்தது. வெதுவெதுப்பான நீரை மிகக் குறைந்த வேகத்தில் அரைநாள் ஓட்டிப் பார்த்தோம். அழுத்தம் இறங்கியது என்றாலும், வரைபடத்தில் கூராக வர வேண்டிய பீக் (சிகரம்) இரண்டாகப் பிளந்தே வந்ததால் அந்தக் காலத்தைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. பஃபர் ஓடிய பிறகு, அதே விகிதத்தில் பஃபருக்குப் பதிலாக நீர் கலந்த கரைப்பானால் முதலில் கழுவி, அதன் பிறகே கரிமக் கரைப்பானின் அளவை உயர்த்த வேண்டும் என்பதை அவருக்கு யாரும் காரணத்தோடு சொல்லித் தரவில்லை. அந்தக் குறை எங்களைச் சேர்ந்தது. அன்று மாலையே ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லாதது மட்டுமே அவருடைய தவறு.

பஃபரைத் தேர்ந்தெடுப்பதிலும் பிழை நேர்கிறது. ஒரு பஃபர் தன் பி.கே.ஏ. மதிப்புக்கு அருகிலுள்ள பி.எச்.-இல்தான் நன்றாக வேலை செய்யும். பாஸ்பேட்டின் பி.கே.ஏ. மதிப்புகள் ஏறத்தாழ 2.1, 7.2, 12.3 என்பதால், பி.எச். 4.5 வேண்டிய இடத்தில் அது பெயருக்குத்தான் பஃபர். அங்கே அசிட்டேட்டே பொருத்தம். பி.எச். அளவை அசிட்டோநைட்ரைல் கலப்பதற்கு முன்பே பார்த்துச் சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் கரிமக் கரைப்பான் கலந்த நீரில் மானி காட்டும் எண்ணுக்கு அதே பொருள் கிடையாது. சாதாரண சிலிக்கா காலங்கள் பி.எச். 2 முதல் 8 வரைதான் தாங்கும். சென்ற வாரத்துப் பாஸ்பேட் கரைசல் மிச்சமிருக்கிறதே என்று எடுத்து ஓட்டினால், அதில் வளர்ந்த நுண்ணுயிரிகள் வடிகட்டியை அடைக்கும்.

ஆராய்ச்சி மாணவர்கள் என்.எம்.ஆர். நிறமாலையில் சறுக்கும் இடம் வேறு. சேர்மத்தைத் தூய்மையாக்கிய கரைப்பான் முழுமையாக ஆவியாகும் முன்பே மாதிரியை அனுப்பிவிடுகிறார்கள். மாதிரியைக் கரைக்கும் டியூட்டரோ குளோரோஃபார்மில் 1.26, 2.05, 4.12 பி.பி.எம். இடங்களில் தோன்றும், தூய்மையாக்கப் பயன்பட்ட எத்தில் அசிட்டேட்டின் சிகரங்களைத் தாங்கள் தயாரித்த எஸ்டருக்கு உரியவை என்று கருதி, ஒரு கட்டமைப்பையே வரைந்துவிடுவோரும் உண்டு. 2.17-இல் தெரிவது பல வேளைகளில் குழாயைக் கழுவிய அசிட்டோனாக இருக்கும். உங்கள் கல்லூரியில் இக்கருவி இல்லை என்பது தடையே அன்று, சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள சாய்ஃப் (உயர்நிலைப் பகுப்பாய்வுக் கருவி வசதி) போன்ற மையங்கள் வெளி மாணவர்களின் மாதிரிகளையும் கட்டணத்துக்கு ஆய்வு செய்து தருகின்றன. அனுப்பும் முன் ஓரிரு மணி நேரம் வெற்றிடத்தில் உலர்த்துவது அந்தக் கட்டணத்தைக் காக்கும்.

கையுறை போட்டுவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டது என்ற எண்ணம் மிக ஆபத்தானது. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கேரன் வெட்டர்ஹான், 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்குரியைக் கையாண்டபோது, ஓரிரு துளிகள் அவருடைய லேடக்ஸ் கையுறையின் மீது விழுந்தன. அன்றைய விதிகளின்படி எல்லாப் பாதுகாப்பையும் கடைப்பிடித்திருந்தும், அத்துளிகள் கையுறையை ஊடுருவித் தோலை அடைந்தன; 1997 ஜூனில் அவர் பாதரச நச்சினால் இறந்தார். எந்த வேதிப்பொருளுக்கு எந்தக் கையுறை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைப் புட்டியைத் திறப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்துத் துறையில் வேலையையே பறிக்கக்கூடிய தவறு பதிவேட்டில் நடப்பது. முறையான வரிசையைத் தொடங்கும் முன் மாதிரியை ‘சும்மா ஒருமுறை’ செலுத்திப் பார்த்துவிட்டு, முடிவு பிடிக்கவில்லையென்றால் அந்தக் கோப்பை நீக்கிவிடுவது சில இடங்களில் பழக்கமாகவே இருந்தது. மென்பொருளின் ஆடிட் டிரெயிலில் (ஒவ்வொரு செயலையும் தானாகப் பதியும் பட்டியலில்) மாதிரியை அப்படிச் செலுத்தியது நேரத்தோடும் பெயரோடும் பதிந்திருக்கும், தணிக்கைக்கு வரும் ஆய்வாளர்கள் முதலில் திறப்பதும் அதைத்தான். வரம்புக்கு வெளியே ஒரு முடிவு வந்தால், காரணத்தைக் கண்டறியாமல் தேர்ச்சி கிடைக்கும்வரை திரும்பத் திரும்பச் சோதிப்பதை 1993-இல் அமெரிக்காவில் நடந்த பார் லேபரட்டரீஸ் என்ற மருந்து நிறுவனத்தின் வழக்கின் தீர்ப்பு ஏற்க மறுத்தது. மேலதிகாரியே அப்படிச் செய்யச் சொன்னாலும், கையெழுத்து உங்களுடையது. அந்த மாத்திரையை விழுங்கப்போகும் நோயாளிக்கு உங்கள் பதிவேட்டைத் தவிர வேறு காவல் இல்லை. துண்டுத் தாளில் எடையைக் குறித்துவைத்துப் பிறகு பதிவேட்டில் ஏற்றும் வழக்கத்தையும் முதல் நாளிலேயே விட்டுவிடுங்கள்.

வேலை தேடும் வழியிலும் இரண்டு தவறுகளைக் காண்கிறேன். ஒன்று, ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் விரிவுரையாளர் தகுதிக்குமான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வை மட்டும் நம்பி ஆண்டுக்கணக்கில் ஆய்வகத்தையே தொடாமல் இருப்பது. காரைக்குடி செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்), சென்னை தோல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் குறுகிய காலத் திட்டப் பணிகளுக்கு அவ்வப்போது விளம்பரம் வருகிறது. உணவு, குடிநீர், சாயம், சிமென்ட் ஆலைகளின் சோதனைக்கூடங்களும் வேதியியலாளர்களை எடுக்கின்றன. படித்துக்கொண்டே கையையும் பழக்கிக்கொள்ள அவை உதவும். மற்றொன்று, வேலை உறுதி என்று சொல்லிப் பெருந்தொகை வாங்கும் கருவிப் பயிற்சிகளில் விசாரிக்காமல் சேர்வது. அங்கே இருக்கும் கருவி ஓடுகிறதா, அதை ஒரு மாணவர் எத்தனை மணி நேரம் தாமே இயக்கலாம், தொகுப்புக்கு எத்தனை பேர் என்று நேரில் சென்று கேளுங்கள். பணம் கட்டும் முன்பு, அங்கே பயன்பாட்டில் உள்ள காலத்தின் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். கடைசியாக அது எந்தத் தேதியில் ஓடியது என்று அதில் எழுதியிருக்கும்.